மலைப்பாம்பு முட்டை: பாம்பில்லாத ஊரிலிருந்து சில குறிப்புகள்

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. லின்ஃபீல்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கறிவேப்பிலைத் தொட்டியை வெயிலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு அடியில் ஈரமண்ணில் வேர்க்கடலைப் பருப்பு அளவில் வெள்ளை வெள்ளையாகப் பதினைந்து இருபது முட்டைகள். என் ஏழு வயது மகள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, பாம்பு முட்டையா?"

"இந்த ஊரில் பாம்பே கிடையாதும்மா. இது அரணை முட்டை."

"அப்ப பாம்பு முட்டை எப்படி இருக்கும்? நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். கையில் எடுத்திருக்கிறேன். சிலவற்றைக் கொன்றும் இருக்கிறேன். அவளுக்கு அன்று பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மலைப்பாம்பு வளர்ப்பைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகங்கள் நிறைய உண்டு. தமிழில் என் கண்ணில் பட்டது குறைவு என்பதும் ஒரு காரணம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நியூசிலாந்தில் எந்த இனப் பாம்பையும் வைத்திருக்க முடியாது. 1996-ஆம் ஆண்டின் அபாயப் பொருள்கள் மற்றும் புதிய உயிரினங்கள் சட்டத்தின் தடைப்பட்டியலில் பாம்புகள் ஒட்டுமொத்தமாக இருக்கின்றன. ஆக்லாந்து மிருகக்காட்சி சாலையில்கூடப் பாம்பு கிடையாது. எப்போதாவது கடல் நீரோட்டத்தில் கரை ஒதுங்கும் கடற்பாம்புகள்தான் விதிவிலக்கு. இந்தியாவில் மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். சிங்கப்பூரிலும் பாம்பு வளர்க்க அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு இனங்களுக்கு மாநில உரிமம் வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊருக்கு ஊர் விதி மாறும். ஆகவே கீழே வருவதைச் செய்முறையாக எடுத்துக்கொள்ளும் முன் உங்கள் ஊர் சட்டத்தைப் படித்துவிடுங்கள்.

மாசுணம்

சங்க இலக்கியத்தில் மலைப்பாம்புக்கு மாசுணம் என்று பெயர். மலைபடுகடாமில் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறவன், யானையையே பிடிக்கும் மாசுணம் மரம்போலக் கிடக்கும், பார்த்துப் போங்கள் என்று எச்சரிக்கிறான். யானை மிகைதான். ஆனால் மரம் என்ற உவமை, மலைப்பாம்பை நேரில் பார்த்தவர் சொன்னது. ஒரு நாளின் பெரும்பகுதியை அது அசையாமலே கழிக்கிறது.

நம் ஊர் மலைப்பாம்பை நான் முதலில் பார்த்தது கிண்டி பாம்புப் பண்ணையில், பள்ளிச் சுற்றுலாவில். ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய அந்தப் பண்ணை 1972 முதல் கிண்டியில் இருக்கிறது. காட்டில் மலைப்பாம்பை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தின் எஸ். பூபதி. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் முள்ளம்பன்றி வளைகளில் குடியிருக்கும் மலைப்பாம்புகளைப் பற்றி 1980களிலிருந்து எழுதியவர். 2014-இல் அகத்திய மலையில் கள ஆய்வின்போது விபத்தில் இறந்தார்.

உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படுவது இந்த இனம் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான். பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். பிரிட்டனில் ராயல் பைத்தான் என்பார்கள். பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்கு மேல் வளராது, சாதுவானது. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து லட்சக்கணக்கில் ஏற்றுமதியானது. 1992-இல் வெள்ளை நிற அல்பினோ வகை முதன்முறை கூண்டில் பிறந்தது. அதன் பிறகு நிறத்துக்காக இனப்பெருக்கம் செய்வது பெரிய தொழிலாகிவிட்டது. தொடக்கக்காரர்கள் கையில் எடுப்பது இதுதான் என்பதால் கீழே உள்ள அளவுகள் எல்லாம் பால் பைத்தானுக்கானவை.

அடைகாக்கும் பாம்பு

பாம்பு முட்டையிட்டுவிட்டுப் போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பல இனங்கள் அப்படித்தான். மலைப்பாம்பு அப்படியில்லை. முட்டைகளைக் குவித்து, தன் உடம்பைச் சுற்றிச் சுற்றிக் கோபுரமாக்கி, தலையை மேலே வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் சாப்பிடாது.

1830களில் லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பயணி, இந்தியாவில் மலைப்பாம்பு அடைகாக்கிறது, அப்போது அதன் உடம்பு சுடுகிறது என்று பாரிஸ் அறிஞர்களிடம் சொன்னார். குளிர்ரத்தப் பிராணி எப்படிச் சுடும் என்று அவர்கள் நம்பவில்லை. 1841-இல் பாரிஸ் அருங்காட்சியகத்து விலங்குக் கூடத்திலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. வலென்சியென் என்ற விலங்கியலாளர் வெப்பமானியைச் சுருள்களுக்கு இடையில் வைத்துப் பார்த்தார். சுற்றியிருந்த காற்றைவிடப் பாம்பு பல டிகிரி சூடாக இருந்தது.

காரணம் 1966-இல் தெளிவானது. நியூயார்க் மிருகக்காட்சி சாலையில் ஒரு பெண் பாம்பை வைத்து ஹட்சிசன், டௌலிங், வினேகர் மூவரும் அளந்தார்கள். (அது இன்று தனி இனமாகக் கருதப்படும் பர்மிய மலைப்பாம்பு.) சுற்றுப்புற வெப்பம் 33 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது தசைகளை வெட்டி வெட்டி இழுக்கிறது. குளிரில் நமக்கு உடம்பு நடுங்குவது போலத்தான். அந்த உழைப்பில் பிறக்கும் வெப்பம் முட்டைகளுக்குப் போகிறது. வெளியே இன்னும் குளிர்ந்தால் துடிப்பு இன்னும் வேகமாகும். சரியான அளவு வந்தால் நின்றுவிடும்.

பொறியியல் படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். வெப்பத்தை அளந்து, குறைவுக்கு ஏற்ப அடுப்பைக் கூட்டிக் குறைக்கிற பின்னூட்டச் சுற்று. பால் பைத்தான் தாய் இப்படிக் குறிப்பிடத்தக்க அளவில் துடிப்பதில்லை. அது செய்வது காவலும் ஈரம் காப்பதும். சுருளை இறுக்கினால் ஈரம் தங்கும், தளர்த்தினால் காற்று போகும். மலைப்பாம்புத் தாய் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்கிறது. நாம் கட்டும் இன்குபேட்டர் இந்தத் தாயின் நகல் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

சேர்ப்பதற்கு முன்

பெண்ணுக்குச் சுமார் மூன்று வயதும் ஒன்றரைக் கிலோ எடையும் வேண்டும். ஆணுக்கு ஒன்றரை வயதும் 700 கிராமும் போதும். ஆணா பெண்ணா என்பதை அனுபவசாலியிடமோ மருத்துவரிடமோ காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களே கம்பி விட்டுப் பார்த்தால் பாம்புக்குக் காயம் ஏற்படும்.

வட அரைக்கோளத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை பருவம். இரவு வெப்பத்தைச் சில டிகிரி குறைத்து, ஆணைப் பெண்ணின் கூண்டில் இரண்டு மூன்று நாள் விட்டு, பிறகு பிரித்து, சில வாரம் கழித்து மறுபடி விடுவார்கள். கருமுட்டை வெளிப்படும்போது பெண்ணின் நடுவுடல் ஒரு நாள் போல விழுங்கியதைப் போன்று பெருத்திருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் தோல் உரிக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து ஏறக்குறைய 30 நாளில் முட்டை.

இந்த மாதங்களில் பெண் சரியாகச் சாப்பிடாது. முட்டையிட்டபின் தோல் தொங்கும். அடுத்த வருடமே மறுபடி சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. எடை திரும்பாத பெண்ணைச் சேர்ப்பது கொடுமை.

முட்டை வந்தபின்

ஒரு ஈட்டுக்கு ஆறு முட்டை சராசரி. மூன்றும் வரலாம், பத்தும் வரலாம். கோழி முட்டையின் ஓடு போலக் கடினமாக இருக்காது. தோல் பதனிட்டது போல வெண்மையாக, தொட்டால் இலேசாக அமுங்கும். சில மணி நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிரிக்க வேண்டாம், கட்டியாகவே வைக்கலாம்.

மிக முக்கியமான விதி: உருட்டக் கூடாது. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். அடைக்கோழி முட்டையைப் புரட்டிப் புரட்டி விடுவதைப் பார்த்திருக்கிறோம். பறவை முட்டையில் மஞ்சள் கருவைத் தாங்கும் முறுக்குக் கயிறுகள் இருபுறமும் உண்டு, புரட்டினாலும் கரு மேலேயே மிதக்கும். பாம்பு முட்டையில் அந்த ஏற்பாடு கிடையாது. முதல் ஓரிரு நாளில் கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு தலைகீழாக்கினால் இறக்கலாம். ஆகவே முதல் வேலையாக ஒவ்வொரு முட்டையின் மேற்புறத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு மாதமும் அந்தப் புள்ளி வானத்தைப் பார்க்க வேண்டும்.

இருட்டறையில் சிறு டார்ச்சை முட்டையை ஒட்டிப் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் தெரியும். தெரிந்தால் உயிர் இருக்கிறது. மஞ்சளாக, சிறுத்து, மெழுகு போல இருப்பது கூமுட்டை. சந்தேகமாக இருந்தால் எறிய வேண்டாம். அது தானாகப் பூஞ்சை பிடித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பெட்டி

இறுக்கமாக மூடும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் நர்சரியில் கிடைக்கும் வெர்மிகுலைட் அல்லது பெர்லைட், எடைக்கு எடை தண்ணீர் கலந்தது. கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. முட்டைகளைப் பாதி புதையும்படி வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், ஆனால் முட்டையின் மேல் தண்ணீர் சொட்டக் கூடாது. ஆரம்பத்திலேயே முட்டை குழி விழுந்தால் ஈரம் போதவில்லை. கடைசி வாரத்தில் குழி விழுந்தால் அது இயல்பு.

டப்பாவை வைக்க ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டியோ ஐஸ் பெட்டியோ போதும். இங்கே அதைச் சில்லி பின் என்பார்கள். உள்ளே வெப்ப நாடா, அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் நாலைந்தை இடைவெளியில் அடுக்குங்கள். மின்சாரம் போனாலும் அவை சூட்டைச் சிறிது நேரம் தாங்கும்.

வெப்பம் 31 முதல் 32 டிகிரி. 33-ஐத் தாண்டினால் முதுகெலும்பு கோணும் ஆபத்து, இன்னும் ஏறினால் மரணம். சில டிகிரி குறைந்தால் பொரிக்க நாளாகும், அவ்வளவுதான். ஆகவே பிழை செய்வதென்றால் குளிர்ச்சியின் பக்கம் செய்யுங்கள். முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியை வெறுமனே ஓட்டிப் பாருங்கள். வாரம் ஒரு முறை டப்பாவைத் திறந்து ஒரு நிமிடம் காற்று விட்டால் போதும்.

நான் செய்தது

டெக்சஸில் எம்.எஸ். படித்தபோது வீட்டைப் பகிர்ந்துகொண்ட அமெரிக்க நண்பன் பால் பைத்தான்கள் வளர்த்தான். ஆறு முட்டைகள் பெட்டியில் இருந்தபோது அவன் பாட்டி இறந்துபோனார். ஒரு வாரம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனான். அது நாற்பத்தைந்தாவது நாள்.

எனக்குப் பெருமை. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் அந்தப் பருவத்தில் நல்ல மதிப்பெண். மூன்றாம் நாள் இரவு ஈரம் குறைகிறதோ என்று டப்பாவை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். உள்ளே இருக்க வேண்டிய தெர்மோஸ்டாட்டின் உணரி, மூடியோடு சேர்ந்து வெளியே வந்து தொங்கியதைக் கவனிக்கவில்லை. அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. உணரி 22 டிகிரியை அளந்து, "குளிர், குளிர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நாடா இரவெல்லாம் எரிந்தது. காலையில் பெட்டிக்குள் 39.

நண்பன் வந்ததும் சொன்னேன். நாள் வரும்வரை பொறுப்போம் என்றான். இரண்டு முட்டைகள் பொரிந்தன. ஒரு குட்டி நன்றாக இருந்தது. மற்றொன்றின் முதுகு நடுவில் மடங்கியிருந்தது, சில நாளில் இறந்தது. மீதி நான்கை அவன் கத்தரியால் திறந்தான். உள்ளே முழுசாகக் குட்டிகள். தோலில் பழுப்பும் கறுப்புமாக வடிவம்கூட வந்திருந்தது. அவன் திட்டவில்லை. "ஒரே ஒரு உணரியை நம்பினோம்" என்றான். 'நம்பினோம்' என்று அவன் தன்னையும் சேர்த்துக்கொண்டது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். உணரியை டப்பாவோடு சேர்த்துக் கட்டுங்கள். தனியாக இன்னொரு வெப்பமானி வையுங்கள். 33-இல் மின்சாரத்தை அடியோடு துண்டிக்கும் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றையும் வரிசையில் இணையுங்கள். தாய்ப் பாம்பின் உணரி அதன் உடம்பிலேயே இருக்கிறது, முட்டையை விட்டு அது தனியாகக் கழன்று வராது. நம் பெட்டியில் கழன்று வரும்.

பொரிதல்

55 முதல் 60 நாளில் குட்டி மூக்கு நுனியிலுள்ள முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறும். தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் அப்படியே இருக்கும். சோம்பல் அல்ல. மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. உதவி செய்வதாக நினைத்து வெளியே இழுத்தால் அந்தப் பை கிழிந்துவிடும். கைகளைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

வெளியே வந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில், ஈரத்துணியும் தண்ணீரும் வைத்து விடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முதல் தோலை உரிக்கும். அதற்குப் பிறகுதான் முதல் இரை, ஒரு சின்ன எலிக்குஞ்சு.

குட்டிகள் எங்கே போகும்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி. பால் பைத்தான் இருபது முப்பது வருடம் வாழும். ஆறு குட்டிகளுக்கு ஆறு வீடுகள் தயாராக இருக்கின்றனவா?

கேட்காமல் விட்டதன் விளைவு ஃப்ளோரிடாவில் இருக்கிறது. செல்லப் பிராணிகளாக வந்த பர்மிய மலைப்பாம்புகள், விடப்பட்டவையும் தப்பியவையும், எவர்கிளேட்ஸ் சதுப்பில் பெருகி, 2000-இல் நிலைத்துவிட்டதாக ஒப்புக்கொள்ளப்பட்டது. 2012-இல் வெளியான ஆய்வில், மலைப்பாம்பு நெடுநாள் இருந்த பகுதிகளில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆண்டு அமெரிக்க அரசு அந்த இனத்தின் இறக்குமதியைத் தடை செய்தது. 2022-இல் அறிவிக்கப்பட்ட ஒரு பெண் பாம்பின் எடை சுமார் 98 கிலோ, வயிற்றில் 122 முட்டைகள்.

2017 ஜனவரியில் அங்கே போய் இறங்கினார்கள் நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று பதினாறு அடிப் பெண். இருளர்கள் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். 1970களில் அந்த வியாபாரம் தடைப்பட்டபின் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடும் தொழிலுக்கு மாறியவர்கள். யாரோ வரவேற்பறையில் வளர்த்துச் சலித்த பாம்பைத் தேடிக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

லின்ஃபீல்டுக்குத் திரும்பி

நியூசிலாந்தின் சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கு என் கறிவேப்பிலைத் தொட்டியே சாட்சி. அடியில் இருந்தவை ஆஸ்திரேலிய அரணையின் முட்டைகள். 1960களில் சரக்கோடு வந்து ஆக்லாந்தில் இறங்கிய இனம். இங்கே பிளேக் அரணை என்றே பெயர். 2010-இல் வேண்டாத உயிரினம் என்று அறிவிக்கப்பட்டது. தெரிந்தே அதைப் பெருக்குவது சட்டப்படி குற்றம்.

இந்நாட்டுக்கே உரிய பல்லிகளும் அரணைகளும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றில் ஒரே ஒரு அரணை இனம்தான் முட்டையிடுகிறது, மற்றவை எல்லாம் குட்டி போடுகின்றன. குளிர் நாட்டு மண்ணில் முட்டை வேகாது. தாய் தன் வயிற்றையே பெட்டியாக்கி, வெயிலுக்கு நகர்ந்து நகர்ந்து காய்கிறது. டுவாட்டாரா மட்டும் பிடிவாதமாக மண்ணில் முட்டையிடுகிறது. பொரிக்க ஒரு வருடத்துக்கு மேலாகும். மண்ணின் வெப்பம் 22 டிகிரிக்கு ஏறினால் பெரும்பாலும் ஆண், 21-க்கு இறங்கினால் பெண். 2009-இல் இன்வர்கார்கில் நகரில் நூறு வயதைத் தாண்டிய ஹென்றி என்ற டுவாட்டாரா தந்தையானபோது பதினொரு குஞ்சுகள் பொரிந்தன. அதுவும் இப்படி ஒரு பெட்டியில்தான். எனவே கலை ஒன்றுதான். எந்த முட்டைக்கு என்பதில்தான் வித்தியாசம். இந்த ஊரில் ஆர்வம் உள்ளவர்கள் சட்டம் அனுமதிக்கும் பியர்டட் டிராகன் ஓணானில் தொடங்கலாம். வெப்பம் மட்டும் 28, 29 டிகிரி.

மகள் அன்று கேட்ட அடுத்த கேள்வி, "இதை டப்பாவில் வெச்சுப் பொரிக்கலாமா?" என்பதுதான். கூடாது என்றேன். "அப்ப என்ன பண்ணணும்?" அழிப்பதுதான் சரி என்று எனக்குத் தெரியும். உள்ளூர் அரணைகளின் உணவையும் இடத்தையும் இவை பங்கு கேட்கின்றன. ஆனால் நான்கு முட்டைகளைக் கத்தரியால் திறந்தது கண் முன் வந்தது. அடுத்த வாரம் பார்ப்போம் என்று தொட்டியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை தூக்கிப் பார்த்தபோது வெறும் தோல்கள்தான் கிடந்தன. தெர்மோஸ்டாட் இல்லாமலே எல்லாம் பொரிந்து போயிருந்தன. மகள் கைதட்டினாள். நான் தட்டவில்லை. எங்கே போயிருக்கும் என்று அவள் கேட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் புதர் இருக்கிறது, அதைத் தாண்டினால் மனுகாவ் கடற்கரைச் சரிவு. அங்கேதான் செம்பரணை என்ற உள்ளூர் இனம் இன்னும் மிச்சமிருக்க வாய்ப்புண்டு என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.